எட்டாம் கட்டளையும் எட்டு மணி நாடகமும்

பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து லயங்களைப் பாருங்க. காத்துக்குத் தகரம் பறந்துடக் கூடாதுன்னு கூரை மேலே கல்லு வச்சிருப்பாங்க, பழைய டயர் போட்டிருப்பாங்க. அதுக்குப் பக்கத்திலேயே ஒரு டிஷ் வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்கும். கூரையை எப்போ மாத்துவாங்கன்னு யாருக்கும் தெரியாது. டிஷ்ஷுக்கு மட்டும் மாசா மாசம் காசு கட்டியாகணும். இரவு எட்டு மணிக்கு அந்தக் கூரைகளுக்குக் கீழே என்ன நடக்குதுன்னு கேட்கவே வேணாம். நாடகம் நடக்குது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சபைகளில் என்ன நடக்குதுன்னும் எல்லோருக்கும் தெரியும். அந்த நாடகத்துக்கு எதிரான பிரசங்கம் நடக்குது.

இந்த இரண்டையும் ஒண்ணுவிடாமல் கேட்டு வளர்ந்தவங்க நாங்க. பதுளையில் பல்கலைக்கழகம் இருக்கு, அதில் கலைப்பீடம் இல்லை. அதனால் பேராதனை, யாழ்ப்பாணம், வந்தாறுமூலைன்னு சிதறிப் படிக்கிறோம். லீவுக்கு வீட்டுக்கு வந்தால் ஒண்ணாச் சேருவோம். கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தேன்னு எங்க கூட்டத்தில் எல்லாச் சபையும் உண்டு. வேதத்தை வச்சு எங்களுக்குள்ளே சண்டை வரும். 'பிக் பாஸ்' வச்சு அதைவிடப் பெரிய சண்டை வரும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒரே மனசு. டீவி குற்றவாளிதான். நம்ம சபைகள் அது மேலே போட்டிருக்கும் வழக்குத்தான் தப்பு. திருடனைப் பிடிச்சு, சைக்கிளில் லைட் இல்லைன்னு ஃபைன் எழுதி அனுப்புற மாதிரி இருக்கு.

குற்றப்பத்திரிகையில் என்ன இருக்கு?

வழக்கமான குற்றச்சாட்டுகள் நாலு. உடுப்பு சரியில்லை. ஆட்டம் சரியில்லை. காதல், காதல்னு பிள்ளைகளைக் கெடுக்குது. ஜெபிக்கிற நேரத்தைத் தின்னுடுது.

நாலாவதை நாங்க மறுக்கப் போறதில்லை. நேரத்தைத் தின்னுறது உண்மை. ஆனால் டெஸ்ட் மெட்ச் அஞ்சு நாள் நடக்குது. அதுக்கு எதிரா ஒரு பிரசங்கம்கூட நாங்க கேட்டதில்லை. மாமிமார் பார்க்கும் அரை மணி நேர நாடகம் சாத்தானுடைய வேலை, மாமாமார் பார்க்கும் அஞ்சு நாள் கிரிக்கெட் மட்டும் ஏனோ அவனோட லிஸ்ட்டில் சேரவே இல்லை. யார் பார்க்கிறாங்கங்கிறதைப் பொறுத்துத்தான் பாவத்தின் எடை போடுறாங்களோன்னு எங்களுக்கு ஒரு சந்தேகம்.

இன்னொரு அதிசயமும் உண்டு. அதே பெட்டியில் விடியற்காலையில் கிறிஸ்தவ நிகழ்ச்சி வரும். கோட் சூட் போட்ட ஊழியக்காரர் கண்ணை மூடி ஜெபிப்பார். திரைக்கு அடியில் காணிக்கை அனுப்ப வேண்டிய கணக்கு இலக்கம் ஓடும். காலை ஆறு மணிக்குப் பரிசுத்தமா இருந்த பெட்டி இரவு எட்டு மணிக்குள்ளே எப்படி அசுத்தமாச்சுன்னு யாராவது விளக்கினால் நல்லது.

இந்தப் பயம் புதுசும் இல்லை. எங்க தாத்தா காலத்தில் ரேடியோவில் சினிமாப் பாட்டுக் கேட்டால் பாவம். அப்புறம் பதுளை டவுனுக்குப் போய்ப் படம் பார்த்தால் பாவம். 1982-ல் ரூபவாஹினி வந்தது, 1998-ல் சக்தி வந்தது, 2009-ல் வசந்தம் வந்தது. நடுவில் வீடியோ டெக் வந்து போனது. இப்போ டிக்டொக். சாத்தான் ஒவ்வொரு தடவையும் புது மொடல் வாங்கிடுறான். பிரசங்கம் மட்டும் பழைய மொடல்தான்.

வேதாகமத்தைவிடப் பெரிய மெகா தொடர் உண்டா?

கதைக்கும் நாடகத்துக்கும் கிறிஸ்தவம் எதிரின்னா முதலில் தடை செய்ய வேண்டியது வேதாகமத்தைத்தான். யோசேப்புக் கதையை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க. அப்பாவுக்குச் செல்லப்பிள்ளை, பொறாமைப்படும் அண்ணன்மார், இரத்தத்தில் தோய்ச்ச அங்கி, வெளிநாட்டுக்கு விற்பனை, முதலாளி மனைவியின் ஆசை, பொய்க் கேஸ், ஜெயில், கனவு, பதவி, கடைசியில் அண்ணன்மார் அடையாளம் தெரியாமலே வந்து காலில் விழுறது. இதை ஒரு தமிழ் சேனல்காரர் கையில் கொடுத்தால் 800 எபிசோட் இழுத்திருப்பார். விடிஞ்சு பார்த்தால் மணப்பெண் மாறியிருந்த யாக்கோபின் கல்யாணம்? அந்த எபிசோடுக்கு ப்ரோமோவே தேவையில்லை.

இயேசுவும் கதைதான் சொன்னார். சொத்தைப் பிரிச்சு வாங்கிக்கிட்டுப் போய் அழிச்சுட்டுத் திரும்பி வரும் இளைய மகன், வீட்டுக்குள்ளே வர மாட்டேன்னு முறுக்கிக்கிட்டு நிக்கும் மூத்த மகன். இதுதானே குடும்ப நாடகம்? அந்தக் கதை எங்கே முடியுதுன்னு கவனிச்சிருக்கீங்களா? அண்ணன் உள்ளே போனானா இல்லையான்னு சொல்லாமலே நிறுத்திடுறார். 'தொடரும்' போடாத குறைதான்.

அதனால் நாடகம்கிறதே பாவம்னு சொல்றவங்க அவங்க கையில் இருக்கும் புத்தகத்தை இன்னொரு தடவை திறந்து பார்க்கணும். கேட்க வேண்டிய கேள்வி வேறே.

எட்டா, ஒன்பதா?

பத்துக் கட்டளைகளில் ஒண்ணு, அயலாருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லக் கூடாதுங்கிறது. கத்தோலிக்கர் எண்ணினால் அது எட்டாவது. மற்றச் சபைக்காரர் எண்ணினால் ஒன்பதாவது. எங்க கூட்டத்தில் இதுக்கே ஒரு மணி நேரம் சண்டை நடந்தது. தலைப்புக்கு எதுகையா இருந்ததால் எட்டு ஜெயிச்சுட்டுது, ஒன்பது கட்சிக்காரங்க மன்னிச்சுக்கணும்.

நம்ம சபைகள் டீவியை அளக்கும்போது இச்சையைப் பற்றின கட்டளைகளை மட்டும் எடுத்துக்கிட்டு வருது. அதனால்தான் பேச்செல்லாம் உடுப்பிலேயே நிக்குது. பொய்ச்சாட்சிக் கட்டளையை எடுத்து வச்சு யாரும் டீவி பார்த்ததில்லை. ஏதோ சின்னப் பொய், வம்பு பேசுறதுன்னு அதை ஒதுக்கிடுறோம். வேதாகமம் அப்படி ஒதுக்கலை. யோசேப்பு ஜெயிலுக்குப் போனது பொய்ச்சாட்சியால். நாபோத்தின் திராட்சைத் தோட்டம் ராஜாவுக்கு வேணும். யேசபேல் இரண்டு பொய்ச்சாட்சிகளை ஏற்பாடு பண்ணினாள். நாபோத் கல்லடி பட்டுச் செத்தான். நிலம் அரண்மனைக்குப் போனது. இயேசுவை விசாரிச்ச இரவிலும் பொய்ச்சாட்சிகள் வந்து நின்னாங்க. ஒருத்தரைப் பற்றிப் பொய்யான படத்தைக் காட்டினால் அவருடைய நிலமும் போகலாம், உயிரும் போகலாம்கிறதுதான் அந்தக் கட்டளையின் கனம். 200 வருஷமா சொந்தக் காணி இல்லாமல் தோட்டத்தில் வேலை செய்யும் சனத்துக்கு நாபோத்தின் கதையை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை.

'சாட்சி'ங்கிறது நம்ம சபைகளில் தினம் புழங்கும் சொல். சாட்சி சொல்ல எழும்பி நிக்கிறோம், சாட்சியா வாழணும்னு பேசுறோம். அப்போ திரையைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கலாம். இது உண்மைச் சாட்சியா, பொய்ச்சாட்சியா? இப்படிக் கேட்டால் வழக்கு வேறே மாதிரிப் போகும். மூணு பேரைச் சாட்சிக் கூண்டுக்குக் கூப்பிடுறோம்.

முதல் சாட்சி: சினிமாவின் கிறிஸ்தவன்

தமிழ் சினிமாவில் கிறிஸ்தவனா இருக்க என்ன வேணும்? கழுத்தில் ஒரு சிலுவை. பீட்டர், ராபர்ட், மைக்கேல்னு ஒரு பேர். பழைய படம்னா வில்லனுக்குப் பக்கத்தில் கிளாஸோட நிக்கணும். பொண்ணுன்னா கவுன் போடணும், அரைகுறைத் தமிழ் பேசணும். ஃபாதர்னா கல்யாணத்துக்கு மறுப்பு இருக்கான்னு கேட்டுட்டு வாசலைப் பார்க்கணும். அந்தக் கேள்விக்காகத்தான் சினிமாவில் சேர்ச்சே கட்டுறாங்க.

1981-ல் பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை'யில் மேரியும் அவளுடைய காதலனும் சேரணும்னா அவன் பூணூலை அறுக்கணும், அவள் சிலுவையைக் கழட்டணும். 1997-ல் 'மின்சார கனவு'. கன்னியாஸ்திரி ஆகணும்னு ஆசைப்படும் பொண்ணின் மனசை மாத்த ஒரு கூட்டமே வேலை செய்யுது. கடைசியில் காதலில் தோத்தவர் ஃபாதர் ஆயிடுறார். தேவ அழைத்தல்னா காதல் தோல்வியின் இன்னொரு பேருன்னு ஒரு தலைமுறையே நினைச்சிருக்கும். 2010-ல் 'விண்ணைத்தாண்டி வருவாயா' ஜெஸ்ஸி ஆலப்புழைச் சேர்ச்சில் மாப்பிள்ளையை நிக்க வச்சே வேணாம்னுடுறாள். இந்தப் படங்களை நாங்களும் ரசிச்சவங்கதான். பாட்டெல்லாம் மனப்பாடம். ஆனால் இந்தப் படங்களில் எந்தக் கிறிஸ்தவராவது காலையில் எழும்பி வேலைக்குப் போறாரா, சம்பளம் பத்தலைன்னு பேசுறாரா, சபைக் கமிட்டியில் சண்டை போடுறாரா? அப்படி ஒரு ஆளைத் தேடிப் பார்த்தோம். கண்ணில் அகப்படலை.

நியாயமாச் சொல்லணும்னா மாற்றமும் உண்டு. 'மின்சார கனவு' எடுத்த அதே ராஜீவ் மேனன் 2019-ல் 'சர்வம் தாளமயம்' கொடுத்தார். அதில் பீட்டர் மிருதங்கம் செய்யும் ஜோன்சனின் மகன். அவனுக்கு வேலை இருக்கு, அப்பா இருக்கார், சாதி அவனை விடாமல் துரத்துது. ஞானஸ்நானம் வாங்கினாலும் சாதி கூடவே வரும்கிற உண்மையைப் பல பிரசங்கங்களைவிட அந்தப் படம் நேராப் பேசியிருக்கு. ஒரே இயக்குனருக்கு 22 வருஷம் ஆச்சு. பரவாயில்லை, வந்து சேர்ந்தாரே.

இரண்டாம் சாட்சி: 'பரதேசி'

எங்களுக்கு அதிகம் வலிச்ச படம் இது. தேயிலைத் தோட்டச் சனத்தைப் பற்றித் தமிழில் பெரிசா பேசப்பட்ட படம்னா 2013-ல் பாலா எடுத்த 'பரதேசி'தான். எங்க வீட்டுப் பெரியவங்க அதைப் பார்த்து அழுதிருக்காங்க. கங்காணி ஆசை காட்டிக் கூட்டிப் போறது, நடந்தே போறது, கணக்குப் புத்தகத்தில் கடன் ஏறுறது எல்லாம் அவங்க அவங்களுடைய தாத்தாமார் வாயால் கேட்ட கதை. அந்த அளவுக்கு உண்மை.

அப்புறம் தோட்டத்தில் கொள்ளைநோய் வரும். ஒரு கிறிஸ்தவ மருத்துவர் மனைவியோட வருவார். சனம் செத்துக்கிட்டு இருக்கும்போது அவங்க ஆடிப் பாடி மதம் பரப்புவாங்க. தியேட்டரில் அங்கே சிரிப்பு.

அந்தப் படம் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது? 1969-ல் வந்த 'ரெட் டீ' நாவல். தமிழில் இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு'ன்னு மொழிபெயர்த்தார். எழுதினவர் பி. எச். டேனியல். ஆனைமலைத் தோட்டங்களில் வேலை செய்த மருத்துவர். கிறிஸ்தவர். பார்த்ததை எழுதினதோட நிக்காமல் அங்கிருந்த தொழிலாளரைச் சங்கமாத் திரட்டினவர்.

இப்போ சொல்லுங்க. தோட்டத் தொழிலாளியின் துயரத்தை உலகத்துக்குச் சொன்ன ஒரு கிறிஸ்தவ மருத்துவரின் புத்தகத்தை எடுத்து, அதிலிருந்து செஞ்ச படத்தில் கிறிஸ்தவ மருத்துவரைக் கோமாளியாக்கினால் அதுக்கு என்ன பேர்? மிஷனரிகளை விமர்சிக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லலை. தாராளமா விமர்சிக்கணும். 1854-ல் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கின அங்கிலிக்கன் மிஷனின் பேரே 'தமிழ் கூலி மிஷன்'. துரை வாயில் இருந்த சொல்லை மிஷன் அப்படியே தன் பேர்ப் பலகையில் எழுதிக்கிட்டது. இதைப் பற்றி யாராவது படம் எடுத்தால் முதல் டிக்கெட் நாங்க வாங்குவோம். அது உண்மைச் சாட்சியா இருக்கும். சாட்சி சொன்னவனையே குற்றவாளிக் கூண்டில் ஏத்துறது வேறே.

இதில் இன்னொரு கசப்பு: அந்த நேரத்தில் நம்ம சபைகள் எதுவும் பேசலை. கதாநாயகியின் உடுப்பைப் பற்றிப் பேச மூணு பிரசங்கம் இருக்கு. டேனியலுக்காகப் பேச ஒரு வசனம்கூட இல்லை. பி. எச். டேனியல் யாருன்னு எங்களுக்குச் சொன்னது ஞாயிறு பாடசாலை இல்லை, பல்கலைக்கழக நூலகம்.

ஊவாவில் எடுக்கப்படாத படங்கள்

சினிமா ஃபாதர் மெழுகுவர்த்தி ஏத்துவார், பாவசங்கீர்த்தனம் கேட்பார், கதாநாயகனுக்குப் புத்தி சொல்வார். ஊவாவில் இருந்த ஃபாதர்கள் என்ன செஞ்சாங்க?

லியோ நாணயக்கார கண்டியின் ஆயரா இருந்தவர். 1972-ல் பதுளை தனி மறைமாவட்டமானபோது கண்டியை விட்டு இங்கே முதல் ஆயரா வந்தார். 1982-ல் இறக்கும்வரை இங்கேதான். பெரிய நகரத்தை விட்டுத் தோட்டமும் காடும் நிறைஞ்ச ஒரு வறிய மறைமாவட்டத்துக்கு வந்த ஆயர். எந்தச் சேனலாவது இதைக் கதையா நினைச்சிருக்கா?

மொனராகலை மாவட்டம் புத்தளையில் ஃபாதர் மைக்கேல் ரொட்ரிகோ. சிங்கள பௌத்த விவசாயிகளுக்கு நடுவிலே போய்க் குடியிருந்தார். ஆள் பிடிக்கப் போகலை, அவங்களோட வாழப் போனார். அவங்களுடைய நிலத்துக்காகப் பேசினார். 1987 நவம்பர் 10-ஆம் திகதி மாலைத் திருப்பலி நேரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். நம்ம மாகாணத்தில் நடந்த சம்பவம் இது. எங்க வயசுப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்க, எத்தனை பேருக்குத் தெரியுதுன்னு. 'கடல்' படத்தில் அர்விந்த் சாமி போட்ட அங்கி மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

கொஞ்சம் சிரிக்கிற மாதிரி வேணும்னா மேஜர் ரொஜர்ஸ் இருக்கார். பதுளையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி. 1,400 யானைக்கு மேலே சுட்டவர்னு எழுதி வச்சிருக்காங்க. 1845-ல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவர் ஞாபகமாக் கட்டினதுதான் பதுளை டவுனில் இருக்கும் சென்ட் மார்க்ஸ் தேவாலயம். யானைகள் யார் ஞாபகமாவும் எதையும் கட்டலை. ஒரு முழு வெப் சீரீஸ் டவுன் நடுவிலே நிக்குது, நாம அதைத் தாண்டித்தான் பஸ் பிடிக்கப் போறோம்.

மூன்றாம் சாட்சி: திரையில் மலையகம்

இந்தியச் சேனல்களுக்கு 'இலங்கைத் தமிழ்'னா ஒரே ஒரு உச்சரிப்புத்தான். 2000-ல் 'தெனாலி' அதைப் பிரபலமாக்கியது. 2019-ல் 'பிக் பாஸ்' மூணாவது சீசனில் சக்தி டீவியில் செய்தி வாசித்த லொஸ்லியாவும் யாழ்ப்பாணத்துத் தர்ஷனும் போனபோது நாங்களும் நம்ம ஆட்கள்னுதான் சந்தோஷப்பட்டோம். ஆனால் எங்க தமிழ் அந்த உச்சரிப்பில் இல்லை. நாங்க பேசினால் 'நீங்க சிலோன் மாதிரியே பேசலையே'ன்னு கேட்பாங்க. சிலோன்காரங்கன்னு ஒரு காலத்தில் அங்கே திருப்பி அனுப்பப்பட்ட சனமும் எங்க சொந்தக்காரங்கதான்னு அவங்களுக்கு எப்படி விளக்குறது?

2023-ல் சீ தமிழ் 'சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்' மேடைக்குப் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒண்ணிலிருந்து அசானி போனார். அந்த வருஷம் யாழ்ப்பாணத்துக் கில்மிஷா பட்டம் வென்றார். அசானி பாடின இரவுகளில் எங்க லயங்களில் இஸ்தோப்பு நிறைஞ்சிருந்தது. தோட்டம், லயம், கொழுந்துங்கிற சொற்கள் அவ்வளவு பெரிய மேடையில் ஒலிச்சது எங்களுக்கு ஒரு கொடி ஏத்தின மாதிரி. ஆனால் பாட்டுக்கு நடுவிலே கஷ்டக் கதை வந்தது, கெமரா ஒவ்வொரு கண்ணா தேடிப் போனது, மேடை அழுதது. நல்ல மனசோட அழுதாங்க, சந்தேகமில்லை. ஆனால் மலையகத்துப் பிள்ளை மேடை ஏறினால் முதலில் கண்ணீர், அப்புறம்தான் குரல்னு ஆயிடுச்சுன்னா அது பாதிச் சாட்சிதான். எங்க வீட்டில் அழுகை மட்டும் இருக்கிற மாதிரி. சிரிப்பு, கிண்டல், பாட்டு, சண்டை எதுவுமே இல்லாத மாதிரி.

செய்தியிலும் அப்படித்தான். 2014 அக்டோபர் 29-ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிஞ்சு லயங்களை மூடினது. முன்கூட்டியே எச்சரிக்கப்பட்ட இடம். எச்சரிக்கை வந்த நாளில் கெமரா வரலை. மண் மூடின நாளில் எல்லாச் சேனலும் வந்தது. நாங்க செத்தால் செய்தி, சம்பளத்துக்கு ரோட்டில் உட்கார்ந்தால் செய்தி. உயிரோட இருக்கிறது செய்தியில்லை.

சரி, எட்டு மணி நாடகத்துக்கு வருவோம். அதன் பெரிய பாவம் மருமகளின் ப்ளவுஸ் இல்லை. பெண்கள் ஒரே கூரைக்கு அடியில் இருந்தால் ஒருத்தி இன்னொருத்தியின் பாலில் விஷம் கலப்பாள்னு இரவுக்கு இரவு சாட்சி சொல்லுதே, அதுதான் பாவம். லயத்தில் வளர்ந்த எங்களுக்கு உண்மை தெரியும். ஒரு பீலித் தண்ணியை இருபது குடும்பம் பங்கு போடும். அம்மா மலைக்குப் போனால் பக்கத்துக் காம்பரா அக்கா பிள்ளையைப் பார்த்துக்குவாங்க. சண்டையும் வரும், கொடிக்கயிறுக்காக வரும். ஆனால் விஷம் வச்சதா எங்க தோட்டத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

வேதாகமத்திலும் ஒரு மாமியார் மருமகள் கதை இருக்கு. ரூத். புருஷன் செத்த பிறகும் மாமியாரை விட்டுப் போக மாட்டேன்னு அவளோட அந்நிய தேசத்துக்கு நடந்து வந்தவள். அடுத்தவன் வயலில் குனிஞ்சு கதிர் பொறுக்கி மாமியாருக்குச் சோறு போட்டவள். கூடையோட குனியும் அந்தப் பெண்ணை எங்களுக்கு நல்லாத் தெரியும். எங்க அம்மாயி, அப்பாயி, அத்தை எல்லாம் அவள்தான். நாடகத்தைத் திட்ட எடுக்கும் அரை மணி நேரத்தில் அந்தக் கதையைச் சொல்லுங்க, பாஸ்டர். நாடகத்துக்குப் பதில் அங்கேயே இருக்கு.

'சும்மா பொழுதுபோக்குத்தானே?'

இப்படிக் கேட்கும் நண்பர்களும் உண்டு. இதில் என்ன சாட்சி, கட்டளை, பார்த்துட்டுச் சிரிச்சுட்டுப் போறதுதானேன்னு. சிரிக்கிறதில் எங்களுக்கு எந்தத் தடையும் இல்லை, கிறிஸ்தவக் கிண்டலில் முதலில் சிரிக்கிறவங்க நாங்கதான். ஆனால் கல்யாணச் சந்தையில் வெள்ளை நிறம் கேட்கிறவங்க அதை எங்கே படிச்சாங்க? 'தோட்டக்காட்டான்'னு டவுன் பிள்ளை சொல்லும்போது அவன் மனசில் இருக்கும் படம் யார் எடுத்தது? பொழுது போயிடும், படம் போகாது.

எல்லா மதத்தையும் சினிமா இப்படித்தான் காட்டுதுன்னும் சொல்வாங்க. உண்மைதான். பல படங்களில் முஸ்லிம் நண்பர்களுக்குக் கொடுத்திருக்கும் வேஷத்தோட ஒப்பிட்டால் நாங்க தப்பிச்சோம். அதனால்தான் இதை 'எங்க மதத்தைக் கேலி பண்ணிட்டாங்க'ங்கிற வழக்கா நாங்க போடலை. கட்டளை அயலாரைப் பற்றிப் பேசுது. அயலார்னா எல்லோரும்தான். நம்மைப் பற்றின பொய்க்கு மட்டும் கோபப்பட்டால் அது சாட்சி இல்லை, சங்கம்.

நம்ம வீட்டுச் சாட்சி

விரலைத் திரைப்பக்கம் மட்டும் நீட்டினால் சரியில்லை. நம்ம மேடைகளில் நடக்கிறதையும் பார்க்கணும். சாட்சி நேரத்தில் வெளிநாட்டு விசா கிடைச்சது, வாகனம் கிடைச்சதுன்னு சொன்னால் கைத்தட்டு. நாள் சம்பளத்தை 1,000 ரூபாய் ஆக்க வருஷக்கணக்காப் போராடி, 2021-ல் வர்த்தமானியில் அது வந்தபோது எந்த மேடையிலாவது அது சாட்சியாச் சொல்லப்பட்டுச்சா? அது ஆசீர்வாதம் இல்லையா?

டிசம்பர் ஒளிவிழாவைப் பாருங்க. நமுனுகுல மலைக்கு அடியில் பஞ்சு ஒட்டிப் பனி செய்றோம். மேய்ப்பர்களுக்குத் தலையில் டவல். பெத்லகேமில் இடம் கிடைக்காமல் மாட்டுத் தொழுவத்தில் பிள்ளை பெத்த தாயைக் காட்ட இவ்வளவு செலவு எதுக்கு? பத்தடிக்குப் பத்தடிக் காம்பராவில் இடம் போதாமல் இஸ்தோப்பில் படுக்கும் குடும்பம் பக்கத்திலேயே இருக்கு. மேய்ப்பர்கள் கொழுந்துக் கூடையோட வந்தால் தேவதூதர் வேணாம்னு சொல்லிடுவாரா?

நல்ல சாட்சியும் நம்மிடம் உண்டு. 2023-ல், மலையகத் தமிழர் வந்து 200 வருஷம் ஆனதை நினைச்சு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் போனது. மூதாதையர் செத்துச் செத்து நடந்த பாதை. அதை முன்னெடுத்தவங்களில் இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றமும் ஒண்ணு. சபை அப்படி நடந்தபோது யாருக்கும் டீவியைத் திட்ட நேரமில்லை.

அதனால் நாங்க கேட்கிறது பெரிசா ஒண்ணும் இல்லை. வாலிபர் கூட்டத்தில் மாசத்துக்கு ஒரு நாள் ஒரு எபிசோடோ ஒரு படமோ சேர்ந்து பார்ப்போம். பாஸ்டரும் ஃபாதரும் சிஸ்டரும் வரட்டும், பாயில் உட்காரட்டும். ப்ளேன்டீயும் ரொட்டியும் எங்க பொறுப்பு. முடிஞ்சதும் மூணு கேள்வி. இது யாரைப் பற்றின கதை? இதில் பேச விடாமல் வச்சிருக்கிறது யாரை? அந்த ஆள் இப்போ நம்ம பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் 'ஆமா, இது நான்தான்'னு சொல்வாரா? மூணாவதுக்குப் பதில் இல்லைன்னா, உண்மையை யார் எழுதுறது, யார் படம் பிடிக்கிறதுன்னு அந்த இடத்திலேயே பேர் கொடுப்போம். எல்லோர் கையிலும் ஃபோன் இருக்கு, மலைமேல் ஏறினால் சிக்னலும் இருக்கு.

உடுப்பைப் பற்றின பிரசங்கத்தை வேணும்னா அதுக்கு அடுத்த வாரம் வச்சுக்கலாம். அன்னைக்கு மெட்ச் இல்லாமல் இருந்தால்.